ஆடி அமாவாசையும் ஒரு கரடியும்



போன மாதத் தபாலில் வந்த ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப்போகிறேன். எழுதியவர் நம் நெடுநாள் வாசகி. மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று கனடா போனவர். ஊர் பெயர் கேன்மோர். ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரியிலிருந்து மேற்கே காரில் ஒரு மணி நேரம் போனால் ராக்கி மலைகளுக்கு நடுவில் இருக்கிறது.

அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"ஆடி அமாவாசை அன்னைக்கு காக்காவுக்கு ஒரு பிடி சோறு வைக்கலாம்னு பின்பக்கம் போனேன் சார். பையன் ஓடி வந்து தட்டைப் பிடுங்கிட்டான். 'கரடி வரும்மா'ங்கிறான். உங்கப்பாவுக்குப் படைச்சதுடான்னேன். 'அப்பா கோவிச்சுக்க மாட்டார், முனிசிபாலிட்டிதான் கோவிச்சுக்கும்'னான். காக்காவுக்குச் சோறு வைக்கக் கூடாதுன்னா அது எந்த ஊர் நியாயம் சார்?"

படித்துவிட்டுச் சிரித்தேன். ஆனால் அம்மா, இந்த விஷயத்தில் நான் உங்கள் பையன் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேன்மோரில் ஏப்ரல் முதல் நவம்பர் கடைசி வரை பறவைக்குத் தீனித் தொட்டி தொங்கவிடத் தடை. வீட்டு வாசலில் குப்பைத் தொட்டி வைக்கும் வழக்கமும் கிடையாது. தெருவுக்குப் பொதுவாக இரும்புத் தொட்டி இருக்கும். மூடியின் மடிப்புக்குள் விரலைவிட்டு ஒரு கொக்கியை அமுக்கினால்தான் திறக்கும். நம் விரல் அதற்குள் போகும், நீண்ட நகமுள்ள கரடியின் பாதம் போகாது. தோட்டத்தில் பழமரம் இருந்தால் பழத்தைப் பறித்து அப்புறப்படுத்த வேண்டும். மரத்தையே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது என்று ஊர் நிர்வாகமே ஊக்கம் கொடுக்கிறது.

பழமரத்தை வெட்டச் சொல்லும் ஊரா என்று நமக்குத் தோன்றும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்து வாசகர்களுக்குத் தோன்றாது. கோயில் விளக்கெண்ணெய்க்காகக் கதவை உடைத்து உள்ளே போகும் கரடிகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கே வருவது நம் நாட்டுக் கரடி. கேன்மோரில் வருவது கருங்கரடியும், அதைவிடப் பெரிய கிரிஸ்லியும்.

கிரிஸ்லி, பழுப்புக் கரடி இனத்தைச் சேர்ந்தது. முதுகில் திமில் மாதிரி ஒரு மேடு. அது முழுக்கத் தசை, மண்ணைத் தோண்டும் வலுவெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பாதியில், அலாஸ்காவைச் சேர்க்காமலே, சுமார் 50,000 கிரிஸ்லிகள் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். 1975ல் அவற்றைச் சட்டப்படி பாதுகாக்கத் தொடங்கியபோது மிஞ்சியிருந்தவை ஆயிரத்துக்கும் குறைவு. இப்போது 2,000 அளவில் இருக்கின்றன. கலிஃபோர்னியா மாநிலத்தின் கொடியில் கிரிஸ்லி கம்பீரமாக நடக்கிறது. அந்த மாநிலத்தின் காட்டில் கடைசி கிரிஸ்லியை 1922ல் சுட்டுவிட்டார்கள். நம் ஐ.டி. பிள்ளைகள் இத்தனை ஆயிரம் பேர் அங்கே இருக்கிறார்களே, அந்தக் கொடியைப் பார்க்கும்போது யாருக்காவது இது தோன்றியிருக்குமா?

ஆல்பர்ட்டாவில் 2006லேயே கிரிஸ்லி வேட்டையை நிறுத்தினார்கள். 2010ல் மாகாணம் முழுக்க 700 போலத்தான் இருக்கும் என்று கணக்கிட்டு, அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு என்று அறிவித்தார்கள். கேன்மோரை ஒட்டியிருக்கும் பான்ஃப் தேசியப் பூங்காவின் பரப்பு 6,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் இருக்கும் கிரிஸ்லிகள் 65 அளவில். அதே பூங்காவுக்கு வருஷத்துக்கு வருகிறவர்கள் 40 லட்சம் பேர்.

இவ்வளவு பெரிய காட்டை விட்டுவிட்டு ஊருக்குள் ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதில் நிறையப் பகுதி பாறையும் பனியும்தான் அம்மா. புல்லும் வேரும் பழமும் கிடைப்பது ஆறு ஓடும் பள்ளத்தாக்கில். போ என்ற ஆற்றின் அந்தப் பள்ளத்தாக்கில்தான் நாலு வழிச் சாலை போகிறது, ரயில் போகிறது, பான்ஃப், கேன்மோர் என்று ஊர்களும் இருக்கின்றன. கரடி ஊருக்குள் வந்தது என்று சொல்வது நம் பேச்சு வழக்கு. கரடியின் சமையலறைக்குள் போய் நாம் வீடு கட்டிக்கொண்டோம் என்பது நடந்த கதை.

நீங்கள் சோறு வைக்கப்போன மாதத்தையும் பாருங்கள். நம் ஆடி அங்கே கோடையின் நடு. பஃபலோபெர்ரி என்ற குட்டிச் சிவப்புப் பழம் பழுக்கும் காலம். ஒரு கிரிஸ்லி ஒரே நாளில் இரண்டு லட்சம் பழம் வரை தின்னுமாம். அவ்வளவையும் புதர் புதராகப் போய் உருவ வேண்டும். ஐந்தாறு மாதக் குளிர்கால உறக்கத்துக்கு வேண்டிய கொழுப்பை இப்போதே சேர்த்தாக வேண்டும் என்ற அவசரத்தில் அது இருக்கிறது. இரண்டு லட்சம் பழத்துக்கு அலைகிற ஒரு உயிரின் மூக்குக்கு நெய்ச்சோறும் வடையும் எட்டினால் என்ன ஆகும்? ஒருமுறை கிடைத்துவிட்டால் மறுநாளும் வரும். குட்டியோடு வந்தால் குட்டியும் அந்த வழியைக் கற்றுக்கொள்ளும்.

இதைப் புரிந்துகொள்ள அந்த ஊர்க்காரர்களுக்கே வெகுகாலம் ஆனது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஒரு காலத்தில் ஹோட்டல் எச்சிலைக் கொட்டும் இடத்தைச் சுற்றிப் பெஞ்சு வரிசை போட்டு, கிரிஸ்லிகள் வந்து தின்பதை டூரிஸ்டுகள் உட்கார்ந்து பார்த்தார்கள். சர்க்கஸ் மாதிரி. 1970 வாக்கில் அந்தக் குப்பைமேடுகளைச் சட்டென்று மூடினார்கள். பல வருஷம் அங்கே தின்று வளர்ந்த கரடிகள் முகாம்களையும் ஊர்களையும் தேடி வந்தன, கூட்டம் கூட்டமாகச் செத்தன. மூடுவதானால் படிப்படியாக மூடுங்கள் என்று முன்பே எச்சரித்த கரடி ஆய்வாளர்களான கிரெய்க்ஹெட் சகோதரர்களின் பேச்சு எடுபடவில்லை. பான்ஃபில் 1980ல் ஊரை ஒட்டிய ஓடைப் பக்கம் கரடி தாக்கிப் பலர் காயப்பட்டார்கள், ஒருவர் இறந்துபோனார். கரடிகளை அங்கே இழுத்தது உணவகங்களின் குப்பை. இன்றைய இரும்புத் தொட்டிக்குப் பின்னால் இந்தக் கதைகளெல்லாம் இருக்கின்றன.

தொட்டி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. யெல்லோஸ்டோன் வாசலில் இருக்கும் ஒரு கரடிக் காப்பகத்தில், கம்பெனிகள் தயாரிக்கும் குப்பைத் தொட்டிகளுக்குக் கரடிகளே பரீட்சை வைக்கின்றன. உள்ளே தின்பண்டம் போட்டு மூடிக் கொடுத்துவிடுவார்கள். கரடி ஒரு மணி நேரம் உருட்டி, மிதித்து, கடித்தும் திறக்காவிட்டால் தொட்டி பாஸ். இவ்வளவு நேர்மையான தரப் பரிசோதகர் நம் ஊரில் எந்தப் பொருளுக்காவது உண்டா?

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த கதை.

148 என்று ஒரு கிரிஸ்லி இருந்தது. பெண். ஆய்வாளர்கள் கொடுத்த எண்தான் பெயர். பான்ஃப் பூங்காவில் பிறந்து, பெரும்பாலும் அங்கேயே சுற்றித் திரிந்தது. 2017ல் அதற்கு ஆறு வயது. அந்தக் கோடையில் பூங்கா எல்லையைத் தாண்டிக் கேன்மோர் பக்கம் வந்தது. பழம் அங்கேதான் இருந்தது. ஆனால் அதே பாதையில் நாயோடு நடப்பவர்களும், சைக்கிளில் வருபவர்களும், குழந்தையோடு வருபவர்களும் இருந்தார்கள். சிலரைப் பின்தொடர்ந்தது. சிலரைப் பார்த்துப் பாய்ந்து வந்து நின்றது. ஒருவரையும் அது காயப்படுத்தவில்லை. ஆனாலும் அதிகாரிகள் எத்தனை நாள் துணிச்சலோடு இருக்க முடியும்? அடுத்த முறை ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஜூலையில் அதைப் பிடித்து, பல நூறு கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் விட்டார்கள். முன்பின் தெரியாத இடம். அலைந்து அலைந்து, மாகாண எல்லையைக் கடந்து பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் போய்விட்டது. ஆல்பர்ட்டாவில் வேட்டைக்குத் தடை, பிரிட்டிஷ் கொலம்பியாவில் அப்போது தடை இல்லை. கரடிக்கு எல்லைக்கோடு தெரியுமா? செப்டம்பரில் ஒரு வேட்டைக்காரர் அதைச் சுட்டார். சட்டப்படி சுட்டார். அதே வருஷம் டிசம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவும் கிரிஸ்லி வேட்டைக்குத் தடை போட்டது. மூன்று மாதம்.

ஒரு கரடிதானே என்று கேட்கலாம். நானும் அப்படி நினைத்தவன்தான், கணக்கைப் பார்க்கும் வரை. பான்ஃப் வட்டாரத்துக் கரடிகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தவர்கள் சொல்வது இது: அங்கே ஒரு பெண் கிரிஸ்லி தன் முதல் குட்டிகளைப் பிழைக்கவைத்து வளர்க்கத் தொடங்கும்போது அதற்குச் சராசரியாக எட்டு வயது தாண்டிவிடுகிறது. அடுத்த ஈற்றுக்கு நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு ஈற்றில் ஒன்றோ இரண்டோ. வட அமெரிக்காவிலேயே இவ்வளவு மெதுவாகப் பெருகும் கிரிஸ்லிகள் இவைதான். 148க்கு ஆறு வயது. ஒரு குட்டிகூட ஈனவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கிரிஸ்லி கோடைத் தொடக்கத்தில் இணைசேரும். ஆனால் கரு உடனே கர்ப்பப்பையில் ஒட்டி வளராது, காத்திருக்கும். இலையுதிர் காலத்தில் தாயின் உடம்பில் போதுமான கொழுப்பு சேர்ந்திருந்தால்தான் ஒட்டும். சேராவிட்டால் அந்த வருஷம் குட்டி இல்லை. குதிரில் நெல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கல்யாண நாள் குறித்த நம் பாட்டிமார் மாதிரி. ஆக, பழப்புதர்ப் பக்கம் நாம் கும்பலாகப் போய்க் கரடியை விரட்டினால், கண்ணெதிரே ஒன்றும் சாகாது. பிறக்கவேண்டியது பிறக்காமல் போகும். அதைச் செய்தித்தாளில் யாரும் போடமாட்டார்கள்.

சாலையைப் பற்றி நல்ல சேதி இருக்கிறது. பான்ஃபில் நெடுஞ்சாலை ஓரம் உயரமான வேலி போட்டு, விலங்குகள் கடக்க 6 மேம்பாலமும் 38 சுரங்கப் பாதையும் கட்டியிருக்கிறார்கள். மேம்பாலத்தின் மேல் மண் கொட்டி, மரம் வைத்து, காடு மாதிரியே செய்திருக்கிறார்கள். விலங்குகள் வண்டியில் அடிபடுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. கிரிஸ்லிகள் மட்டும் நம்பிக்கை வந்து அதில் கால்வைக்கப் பல வருஷம் எடுத்துக்கொண்டன. குட்டியோடு வரும் தாய்களுக்குச் சுரங்கத்தைவிட மேம்பாலம்தான் பிடிக்கிறது. நாலு பக்கமும் பார்வை தெரிய வேண்டும் அவற்றுக்கு. எந்த அம்மாவும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு இருட்டுச் சந்துக்குள் போவாளா?

இந்த ஏற்பாடு இல்லாத சாலைகளில் கதை வேறு. அமெரிக்காவின் கிராண்ட் டீட்டன் பூங்காப் பக்கம் 399 என்ற தாய்க் கரடியைப் பார்க்க உலகமே வந்தது. 28 வயது வரை வாழ்ந்தது, 18 குட்டிகள் ஈன்றது. 2024 அக்டோபரில் ஒரு கார் மோதிச் செத்தது.

ரயில் கதை நம் அடுப்படி வரைக்கும் வருகிறது. கனடாவின் சமவெளியில் விளையும் கோதுமை, கனோலா, பட்டாணி, பருப்பெல்லாம் வான்கூவர் துறைமுகத்துக்குப் போகும் வழிகளில் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு. பெட்டிகளிலிருந்து தானியம் தண்டவாளத்தில் சிந்துகிறது. கரடிகள் அதைப் பொறுக்க வருகின்றன, ரயிலில் அடிபடுகின்றன. கனடாவின் மைசூர்ப் பருப்பை வாங்கும் பெரிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நாம் ஹோட்டலில் சாப்பிடும் சாம்பாரில் அந்தப் பருப்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? அதற்காகச் சாம்பாரை நிறுத்தச் சொல்லவில்லை. கரடிக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்பவர்களுக்காகச் சொன்னேன்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான விஷயம் வீடு. கேன்மோரில் சுமார் 16,000 பேர் இருக்கிறார்கள். ஊரின் ஜனத்தொகையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும் குடியிருப்புத் திட்டம் ஒன்று வந்தது. 'மூன்று சகோதரிகள்' என்ற அழகான மூன்று சிகரங்களுக்குக் கீழே, விலங்குகள் நடமாடும் பாதையை ஒட்டிய நிலம். 2021ல் ஊர் மன்றம் வேண்டாம் என்றது. வழக்கு நடந்தது. 2023ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டுபவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கட்டுபவர்களை மட்டும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மலை தெரியும் ஜன்னலோடு ஒரு வீடு கிடைத்தால் நானே வாங்குவேன். நம் ஊர் மலைகளில் 'வியூ' போட்டு விளம்பரம் செய்த மனைகளை வாங்கியவர்கள் யார்? நாம்தானே. வீட்டுக்குப் பின்னால் 'சும்மா கிடக்கிற' அந்தச் சரிவு ஒரு தாய்க்குத் தன் குட்டிகளோடு அடுத்த பழக்காட்டுக்குப் போக இருக்கும் ஒரே வழி என்று மனையின் வரைபடத்தில் எழுதியிருக்காது. அதனால்தான் அந்தப் பாதையை அகலமாக, சமதரையாக, ஆள் நடமாட்டம் இல்லாமல் விட்டுவைக்கச் சட்டமே வழிசெய்ய வேண்டும் என்கிறேன். செங்குத்தான பாறையைக் காட்டி 'இதோ கரடிக்கு வழி' என்பது, விருந்தாளிக்குத் திண்ணையில் பாதி இடம் ஒதுக்குவது மாதிரி.

"மனுஷன் உயிரைவிடக் கரடி பெரிசா?" இந்தக் கேள்வி நியாயமானது, அதை ஒதுக்கித்தள்ளக் கூடாது. கிரிஸ்லி பொம்மைக் கடைக் கரடி இல்லை, ஆளைக் கொல்லும். மாடு வளர்ப்பவருக்கு ஒரு கன்று போவது நஷ்டம். ஆல்பர்ட்டா அரசு 2024ல், தொந்தரவு தரும் கரடிகளைச் சுடப் பொதுமக்களில் சிலரை அழைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்ததும் இந்தப் பயத்தை வைத்துத்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. பயத்துக்கு மருந்து துப்பாக்கிக்கு முன்னாலேயே இருக்கிறது.

மான்டானா மாநிலத்தில் பிளாக்ஃபுட் ஆற்றுப் பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர்கள் அதைச் செய்துகாட்டினார்கள். கன்று ஈனும் காலத்தில் செத்த மாடுகளை அப்படியே போடாமல் வண்டி வைத்து அள்ளினார்கள். கன்றுக் கொட்டிலையும் தேன்பெட்டிகளையும் சுற்றி மின்வேலி போட்டார்கள். கரடித் தொல்லை வெகுவாகக் குறைந்தது. பிரசங்கம் செய்து சாதித்தது இல்லை இது. நாலு பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசி, வண்டிச் செலவைப் பகிர்ந்துகொண்டு செய்தது.

காட்டில் நடப்பவர்களுக்குக் கரடி ஸ்ப்ரே இருக்கிறது. சரக்கு வேறொன்றும் இல்லை, நம் மிளகாயின் காரம்தான். பாய்ந்து வரும் கரடியின் முகத்துக்கு நேரே அடிக்க வேண்டும். கொசு மருந்து மாதிரி உடம்பில் பூசிக்கொண்டு அலறியவர்களும் உண்டு. நம் வாசகர்கள் அந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள், மிளகாய் அரைத்த கை நமக்குத் தெரியும்.

வருகிற கோடையில் பிள்ளைகளைப் பார்க்கக் கனடா போகிறவர்கள் பலர் பான்ஃபும் போவீர்கள். கட்டுச்சோறும் தட்டை முறுக்கும் இல்லாமல் நாம் எங்கே கிளம்புகிறோம்? எடுத்துப் போங்கள், சாப்பிடுங்கள். மிச்சத்தை மட்டும் வெளியே போடாதீர்கள், டேபிளில் வைத்துவிட்டுப் போட்டோ எடுக்கப் போகாதீர்கள். தேசியப் பூங்காவில் விலங்குக்குத் தீனி போட்டால் 25,000 டாலர் வரை அபராதம். கரடி தெரிந்தால் நூறு மீட்டர் தள்ளியே இருங்கள். பத்து பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு. சாலையோரம் கரடியைப் பார்த்ததும் காரை நிறுத்தி இறங்கிவிடாதீர்கள். பின்னால் இருபது கார் நிற்கும், கரடி பழத்தை விட்டுவிட்டு ஓடும். பேரக்குழந்தை அழுதாலும் பரவாயில்லை, வண்டியை மெதுவாக நகர்த்துங்கள்.

அங்கேயே வீடு வாங்கிக் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு: ஊர் மன்றத்தில் விலங்குப் பாதை பற்றிப் பேச்சு வரும்போது தயவுசெய்து போய் உட்காருங்கள். நம்மவர்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போவதே இல்லை என்று உங்கள் ஊர் நண்பர்கள் சொல்கிறார்கள்.

கடைசியாக, கடிதம் எழுதிய அம்மாவுக்கு. உங்கள் பையனிடம் கேட்டுக்கொண்டு இப்படிச் செய்யலாம். பறவைத் தீனித் தொட்டிக்கான தடை டிசம்பர் முதல் மார்ச் வரை இல்லை, அப்போது கரடிகள் பெரும்பாலும் குகைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். ஆடி அமாவாசையும் மகாளய அமாவாசையும் போனால் போகட்டும். தை அமாவாசை ஜனவரியிலோ பிப்ரவரியிலோதான் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்